இடதுக்கு மன்னிக்கணும்

உலகத்திலேயே மரியாதை தெரிந்த ஒரே இயந்திரம் எங்கள் குமாசி நகரத்துச் சட்டி ஆலையில்தான் இருந்தது. அதற்கு மரியாதை சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள். பயிற்சி வகுப்பில் சேர்த்து, பெஞ்சில் உட்கார வைக்காத குறையாகப் பாடம் நடத்தி, தேர்வு வைத்து, கடைசியில் அந்த ஆண்டின் சிறந்த பயிலுநர் என்ற சான்றிதழையும் அதன் கழுத்தில் மாட்டினோம். அதற்குப் பிறகு அது ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்ய மறுத்தது என்றும், ஆலையில் யாராவது இறந்தால் கட்டிக்கொள்ளக் கறுப்புத் துணி கேட்டது என்றும் சொல்கிறார்கள். ஞாயிறு விஷயம் எனக்குத் தெரியாது. கறுப்புத் துணி கேட்டது உண்மை.

போன வாரமும் இதைச் சொன்னேன். ஆலை இருக்கும் காசே பகுதிச் சந்திப்பில், வேப்பமரத்தடியில், டாமே பலகையைச் சுற்றி ஓய்வூதியக்காரர்கள் நாங்கள் கூடிக் காய் நகர்த்தும் இடத்தில். அன்றைக்குப் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். வங்கியில் வேலை பார்த்து அந்த மாதம்தான் ஓய்வு பெற்றவர். என் கதைகளில் ஒன்றுகூட விழுந்திராத காது. அப்படி ஒரு காது கிடைத்தால் விடுவேனா?

பலகையின் மறுபக்கம் அஜாரே உட்கார்ந்திருந்தான். எங்கள் ஆலையில் தரச் சோதகனாக இருந்தவன். பெற்ற தாய் வைத்த கடலைச் சாற்றையே உப்பு சரியில்லை என்று அடுப்புக்குத் திருப்பி அனுப்பிய பிள்ளை. மற்றவர்களுக்கு ஒரு பியர் வாங்கிக் கொடுத்தால் நான் சொல்வது எதையும் நம்புவார்கள். இவன் பியரையும் குடித்துவிட்டு நம்பமாட்டான். நான் முதல் வரியைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு காயைப் பலகையில் ஓங்கி வைத்தான்.

"பொய்," என்றான் வங்கிக்காரரைப் பார்த்து. "இவன் ஃபான்டிக்காரன், கடற்கரையில பொறந்தவன். நெத்திலியப் பிடிச்சாலும் ரெண்டு கையையும் விரிச்சுத்தான் காட்டுவான். நீங்க உங்க காயப் பாருங்க."

வங்கிக்காரர் காயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தொடர்ந்தேன்.

எங்கள் ஆலையில் அலுமினியச் சட்டிகள் செய்தோம். பாங்குக் களி கிளறும் சட்டி, சாறு காய்ச்சும் சட்டி, கல்யாணத்துக்கும் சாவுக்கும் சமைக்கும் அண்டா. எங்கள் பெரிய அண்டா ஒன்றில் ஒரு குடும்பம் மழைக்காலம் முழுவதும் குடியிருந்தது. பிரஸ் தகட்டை அழுத்திச் சட்டியாக்கும். அங்கிருந்து சட்டி கைப்பிடிப் பிரிவுக்கு வரும். அங்கே பெண்கள் ரிவெட் அடித்துக் கைப்பிடி பொருத்துவார்கள்.

அந்தப் பிரிவின் தலைவி அஃபுவா பிராகோ. ஆலை முழுக்க ஆன்ட்டி பிராகோ என்றுதான் கூப்பிடும். பெருமைக்காரி. தினம் ஒரு விக் வைத்துக்கொண்டு வருவாள். வெள்ளிக்கிழமை விக்கைப் பார்க்கவே பக்கத்து மர அறுவை ஆலைக்காரர்கள் மதில் மேல் ஏறி நிற்பார்கள். பிரஸ்ஸின் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்கும். பிரிவில் இருந்த பெண்கள் எல்லோரும் அவள் கொண்டுவந்து சேர்த்தவர்கள்தான்: அக்கா மகள்கள், தேவாலயத்தில் அவளோடு பாடுகிறவர்கள், புருஷன் விட்டுவிட்டுப் போனவர்கள். அவளுடைய சொந்த வீடு அப்போது சுவரோடு நின்றுகொண்டிருந்தது, கூரைக்குக் காத்துக்கொண்டு.

என் வேலை பயிற்சி மண்டபம். நாற்காலி போடுவேன், திரை கட்டுவேன், இறைச்சிப் பஃப்பும் குளிர்ந்த மால்ட்டும் வரவழைப்பேன், கடைசி நாளில் சான்றிதழில் பெயர் எழுதுவேன். பிரஸ்ஸை எந்தப் பக்கம் தொட்டால் சூடு என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த வட்டாரத்தில் திறமைசாலி என்று சொல்லிக்கொள்கிற எவனும் என் பஃப்பைத் தின்றவன்தான்.

ஒரு நாள் முதலாளிகள் வடக்கே பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டிலிருந்து புது இயந்திரம் வாங்கி இறக்கினார்கள். இரண்டு கைகள் உள்ள இயந்திரம். அதன் வலது கை தகட்டை எடுத்துப் பிரஸ்ஸின் வாய்க்குள் ஊட்டும். இடது கை, அழுத்தி முடிந்த சட்டியை வெளியே எடுத்துக் கைப்பிடிப் பிரிவில் நிற்கிற பெண்ணிடம் நீட்டும்.

இடது கை.

அது காலையில் எந்த வேலை பார்க்கிற கை என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கையால், அதுவும் சோறாக்கும் சட்டியை. முதல் நாள் இயந்திரம் நீட்டியது. முன்வரிசைப் பெண் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இயந்திரம் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுப் பிடியை விட்டது. சட்டி தரையில் விழுந்தது. அடுத்த சட்டி, அதுவும் தரையில். சத்தம் கேட்டு, தேவாலய மணி அடிக்கிறது என்று பாதி காசே முழங்காலிட்டுவிட்டது. சாயங்காலம் அஜாரே நசுங்கிய சட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து நிராகரித்தான். அவன் வாழ்க்கையிலேயே அதைவிட மகிழ்ச்சியான நாள் இருந்ததில்லை.

"நசுங்குன சட்டிய நிராகரிக்காம மாலை போட்டு வரவேற்கச் சொல்றியா?" என்றான் அஜாரே, காயை நகர்த்தியபடி.

மேனேஜர் ஒஃபோசு முதலாளிகளுக்குச் செய்தி அனுப்பினார்: இயந்திரம் நன்றாக இருக்கிறது, தொழிலாளர்களுக்குத்தான் திறன் போதவில்லை. அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அவர் வீட்டில் ஒரு பிள்ளை இடது கையை நீட்டினால் கரண்டியால் அடிப்பார். காரணம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இயந்திரத்துக்கு வளர்ப்புச் சரியில்லை என்று எந்த மேனேஜர் எழுதுவார்? திறன் போதவில்லை என்று எழுதினால் எல்லோருக்கும் திருப்தி. பயிற்சிக்கு ஆள் வரும், படம் பிடிக்கலாம், எனக்கும் பஃப் வரும்.

பயிற்சி கொடுக்க இயந்திரம் செய்த நாட்டிலிருந்து ஹென்ரிக் வந்தான். சின்ன வயது, உயரமானவன், எங்கள் வெயிலில் தக்காளி மாதிரி ஆகிவிட்டான். தங்கமான பையன். ஒரே குறை, அவன் பிறவியிலேயே இடது கைப் பழக்கக்காரன்.

முதல் நாள் வகுப்பில் பெண்கள் முன்னால் நின்று, சிரித்த முகத்தோடு ஒவ்வொருவருக்கும் ஒரு பேனா நீட்டினான். இடது கையால். ஒருத்தியும் வாங்கவில்லை. எல்லோரும் மடியில் கைகளை வைத்துக்கொண்டு, அவனைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். அவன் கடைசியில் பேனாக்களை மேசைமேல் வைத்தான். வைத்தவுடன் அவை மறைந்துபோயின. 'கூச்ச சுபாவம்' என்று அவன் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பிறகு பாடங்கள் தொடங்கின. 'பெறுதல், முதல் நிலை.' அதில் தேறினால் 'பெறுதல், இரண்டாம் நிலை.' பிறந்த நாளிலிருந்து ஆயிரம் பொருட்களை வாங்கிப் பழகிய பெண்களுக்கு ஒரு பொருளை எப்படி வாங்குவது என்று திரையில் படம் போட்டுக் காட்டினான். கைக்கும் கண்ணுக்கும் ஒத்துழைப்பு வேண்டும் என்று பந்து வீசினான், இடது கையால். பந்துகள் அவர்கள் நெஞ்சில் பட்டு உருண்டன. கண் மருத்துவரை வரவழைத்தான். அவர் இந்தப் பெண்களுக்கு தலைநகர் அக்ராவில் பறக்கிற கொசு இங்கிருந்தே தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். சத்து மாத்திரை வந்தது. பிடிமானக் கையுறை வந்தது. மாற்றத்துக்கு அஞ்சுகிற மனதைத் தேற்றுவதற்கு ஒரு சொற்பொழிவு வந்தது. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் பெண்கள் பஃப்பை வலது கையில் வாங்கித் தின்றுவிட்டு ஆலைக்குப் போவார்கள். இயந்திரம் நீட்டும். சட்டி விழும்.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் வங்கிக்காரர்.

டாமே பலகையைச் சுற்றியிருந்த எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் உடனே தலையைக் குனிந்துகொண்டார். விருந்தாளியிடம் போய், தம்பி உன் கை அசிங்கம் என்று யார் சொல்வது? கடல் கடந்து வந்த பிள்ளை. ஆலையில் இருந்த அத்தனை பேருக்கும் காரணம் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது. எங்கள் நல்ல பழக்கமே எங்களுக்கு வினையாகிவிட்டது.

அப்போதுதான் முதலாளிகளிடமிருந்து முடிவு வந்தது. பயிற்சியின் கடைசி நாளில் தேர்வு. இயந்திரம் நீட்டுகிற சட்டியைக் கைப்பிடிப் பிரிவு கீழே விடாமல் வாங்க வேண்டும். தேறிவிட்டதா இல்லையா என்று தரச் சோதகன் அஜாரே சொல்வான். தேறாவிட்டால் கைப்பிடி பொருத்தவும் ஒரு இயந்திரம் வாங்கிக்கொள்வார்கள், பிரிவை மூடிவிடுவார்கள். ஒஃபோசு இதை அறிவித்த மறுநாள் ஆன்ட்டி பிராகோ விக் இல்லாமல் வேலைக்கு வந்தாள். அவளுடைய சொந்தத் தலையை ஆலை அன்றைக்குத்தான் பார்த்தது. நரை. காவல்காரன் தொப்பியைக் கழற்றினான்.

பெண்களைக் கூட்டி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லிப் பார்த்தாள். அவர்களால் முடியவில்லை. அவளே முன்வரிசையில் போய் நின்றாள். இரும்புக் கை நீண்டது. கையைக் கொடுக்கத்தான் போனாள். கை வரவில்லை. "என் அம்மா மேல இருந்து பாத்துக்கிட்டே இருக்கா," என்று மட்டும் சொன்னாள். சட்டி விழுந்தது.

இப்படி இருக்கையில், ஒஃபோசு தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். தேர்வு நாளன்றே புது இயந்திரத்துக்குத் திறப்பு விழாவும் வைத்து, ஊர்த் தலைவர் நானாவை அழைத்துவிட்டார். ஆலை நிற்பது நானாவின் நிலத்தில். முதல் சட்டி அவருக்குப் போவதுதான் வழக்கம். நானாவிடம் யாரும் நேராகப் பேசக்கூடாது, நேராக எதையும் கொடுக்கக்கூடாது. அவருக்கு வாயாகவும் கையாகவும் தங்கப்பூண் போட்ட கோல் பிடித்த பெரியவர் ஒருவர் கூட வருவார். அந்தப் பெரியவர் கையில் இயந்திரமே முதல் சட்டியைக் கொடுக்கும் என்று ஹென்ரிக் சந்தோஷமாக ஏற்பாடு செய்தான். ஒஃபோசுவும் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

இரண்டு நாள் முன்னால் ஒத்திகை. ஒஃபோசு நானாவாக நடித்தார். பிளாஸ்டிக் நாற்காலியில், பயிற்சி மண்டபத்து மேசைவிரிப்பைத் தோளில் போர்த்திக்கொண்டு, நிஜ நானாவைவிட மிடுக்காக உட்கார்ந்திருந்தார். நான் கோல் பிடித்த பெரியவர்; என் கையில் துடைப்பக் கட்டை. ஹென்ரிக் பொத்தானை அழுத்தினான். பிரஸ் இறங்கியது. இரும்புக் கை சட்டியை எடுத்துக்கொண்டு எங்களை நோக்கி நீண்டது.

நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டேன். கை ஒஃபோசுவின் முகத்துக்கு நேராக வந்தது. அவருடைய இரண்டு கைகளும் தாமாகவே மேசைவிரிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டன. சட்டி அவர் காலில் விழுந்தது.

ஆன்ட்டி பிராகோ கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாஸ்," என்றாள், "நீங்க இன்னும் பெறுதல் முதல் நிலையே முடிக்கலையா?"

ஒஃபோசுவின் கண்ணுக்கு முன்னால் நானாவும், நானாவின் மூத்தோர்களும், இடது கையும் ஓடிக்கொண்டிருந்தன. ஊர்த் தலைவருக்கு இடது கையை நீட்டிய ஆலை என்று பெயர் வந்தால், ஆடும் மதுவும் தூக்கிக்கொண்டு அரண்மனை வாசலில் பரம்பரை பரம்பரையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவருக்கு வியர்த்த வியர்வையில் அந்த மேசைவிரிப்பைப் பிழிந்து மூன்று வாளி நிரப்பினோம்.

"மூணு வாளியாம்," என்றான் அஜாரே வானத்தைப் பார்த்து.

இயந்திரத்தைத் திருப்பி வைத்து வலது கையால் கொடுக்கச் செய்யலாமா என்று ஒஃபோசு கேட்டார். ஹென்ரிக் முடியாது என்றான். வலது கை பிரஸ்ஸோடு பிணைத்தது, வெளியே வராது. ஏன் கேட்கிறீர்கள் என்றான். ஒஃபோசு என்னைப் பார்த்தார். நான் பயிற்சி மண்டபத்துக்காரன், விஷயத்தை நயமாகச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. நான் மழையில் ஆரம்பித்தேன். கோக்கோ விளைச்சலைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். என் தாத்தாவின் படகைத் தொட்டேன். படகு கரை சேருவதற்குள் பிராகோ என்னைத் தோளால் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

"மகனே," என்றாள் ஹென்ரிக்கிடம், "எங்க ஊர்ல இடது கையால கொடுத்தா வாங்கமாட்டோம். நாய்கூட யோசிக்கும். உன் மெஷினுக்கு வளர்ப்பு சரியில்ல. அவ்வளவுதான்."

ஹென்ரிக் தன் இடது கையைப் பார்த்தான். பேனாக்கள், பந்துகள், கையுறைகள் எல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தக்காளி மிளகாயானது. கையை மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"இவ்வளவு நாளா ஏன் யாரும் சொல்லல?" என்றான்.

"நீ விருந்தாளி இல்லையா."

அவன் அழுதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு ஆலைத் தரை ஈரமாக இருந்தது.

பிறகு பிராகோ ஒஃபோசுவிடம் பேரம் பேசினாள். எங்கள் ஊரில் வலது கை வேலையாக இருந்தால் இடதை நீட்டத் தடையில்லை. ஆனால் கை நீள்வதற்கு முன்னால் வாய் நீள வேண்டும்: 'இடதுக்கு மன்னிக்கணும்.' கேட்டவர், 'அதுவும் கைதானே' என்பார். அதோடு சரி. இயந்திரத்தின் வலது கைதான் எந்நேரமும் வேலையாக இருக்கிறதே. அதற்கு வாய் மட்டும் கொடுத்தால் போதும். அதைத் தான் செய்து தருவதாகச் சொன்னாள். ஆனால் ஒரு நிபந்தனை. இயந்திரமும் பயிற்சியில் சேர வேண்டும், அவளுடைய பிரிவில், அவளுடைய மாணவனாக. தேர்வையும் அது அவர்களோடு சேர்ந்துதான் எழுத வேண்டும். அது சொதப்பினால் அது இயந்திரத்தின் குறை, பெண்களின் குறை இல்லை. சாதாரண நாளாக இருந்தால் ஒஃபோசு சிரித்திருப்பார். அன்றைக்கு அவர் இயந்திரத்தைப் பேராசிரியராக்கச் சொல்லியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

மறுநாள் காலை வகுப்பு. பெண்கள் எல்லோரும் இயந்திரத்தைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஹென்ரிக் கணினியோடு கீழே உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல மாற்றினான். கை நேராகக் குத்துவது மாதிரி வரக்கூடாது, முதலில் கொஞ்சம் தாழ வேண்டும். இன்னும் தாழ. இது என்ன, காசு கேட்கிறவன் மாதிரி, நிமிர்த்து. இப்போது திமிர். தாழ்த்து. ஒவ்வொரு தப்புக்கும், வீட்டிலிருந்து கொண்டுவந்த அகப்பையால் இரும்பு மணிக்கட்டில் ஒரு தட்டு. மத்தியானத்துக்குள் அந்தக் கை அவள் அகப்பையைத் தூக்கினாலே தானாகத் தாழ ஆரம்பித்துவிட்டது.

வாய்தான் கிடைக்கவில்லை. இயந்திரத்தில் இருந்தது அபாயச் சங்கு ஒன்றுதான். அதற்கு ஊளையிடத்தான் தெரியும். பழைய வண்டிகளைப் பிரிக்கும் சுவாமே பேட்டையில் போய், உடைத்துப்போட்ட ஒரு ட்ரோட்ரோ சிற்றுந்தின் ஒலிபெருக்கியை வாங்கி வந்து மாட்டினோம். காலமெல்லாம் கெஜெட்டியா சந்தைக்குப் பயணிகளைக் கூவி அழைத்தே பழகிய ஒலிபெருக்கி. முதல் சோதனையில் இயந்திரம் கையைத் தாழ்த்தி, பணிவாக, "கெஜெட்டியா, கெஜெட்டியா, சில்லறையா வச்சுக்கோங்க" என்றது.

"ஒலிபெருக்கியில எப்படிடா பழைய குரல் ஒட்டிக்கிட்டிருக்கும்?" அஜாரே வங்கிக்காரரின் முழங்காலைத் தட்டினான். "படிச்சவர் நீங்க, நீங்களே சொல்லுங்க."

வங்கிக்காரர் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குரல் கொடுத்தவள் பிராகோதான். குரல் பதிய விக் எதற்கு என்று கேட்டதற்கு, விக் இல்லாமல் தனக்குக் குரல் வராது என்று வீட்டுக்கு ஆளனுப்பி வெள்ளிக்கிழமை விக்கை வரவழைத்து வைத்துக்கொண்டாள். இத்தனை நாள் கழித்து அவள் தலையில் விக்கைப் பார்த்ததும் பெண்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டு அடங்கிய பிறகுதான் பதிவு செய்ய முடிந்தது.

விழா நாள் வந்தது. நானா பெரிய குடைக்குக் கீழே வந்து அமர்ந்தார். முரசுகள் முழங்கியதில் எங்கள் கிடங்கில் இருந்த சட்டிகள் எல்லாம் தாமாக ஆடின. கோல் பிடித்த பெரியவர் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார். ஒஃபோசு கண்ணை மூடிக்கொண்டார். ஹென்ரிக் பொத்தானை அழுத்தினான், வலது கையால். இரண்டு நாளாகப் பழகியிருந்தான்.

பிரஸ் இறங்கியது. சட்டி பிறந்தது. இரும்புக் கை அதை எடுத்துத் திரும்பியது. நீளவில்லை. முதலில் தாழ்ந்தது. அப்படியே நின்று, ஆன்ட்டி பிராகோவின் குரலில், பிரஸ் சத்தத்துக்கும் மேலே, "பெரியவங்களே, இடதுக்கு மன்னிக்கணும்," என்றது.

முரசு நின்றது. பெரியவர் இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி நானாவின் காதருகே குனிந்தார். நானா ஏதோ சொன்னார். பெரியவர் நிமிர்ந்து கோலைத் தரையில் ஊன்றினார்.

"நானா சொல்றாங்க: அதுவும் கைதானே."

சட்டியை வாங்கிக்கொண்டார். அந்த ஆரவாரத்தில் பறந்துபோன கொக்குகள் இன்னும் திரும்பவில்லை. இயந்திரத்துக்குப் பெண் பார்த்திருக்கிறார்களா என்று நானா விசாரித்ததாகவும் கேள்வி. அதன் பிறகு அந்த ஆலையில் இருபது தலைமுறைக்கும் கைப்பிடி இயந்திரம் என்ற பேச்சே எழாது என்று ஆனது. ஹென்ரிக் ஊருக்குத் திரும்பி, தொழிலாளர்கள் தேறிவிட்டார்கள், இயந்திரத்துக்குத்தான் மேற்பயிற்சி தேவை என்று எழுதினான். அவன் முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 'பணிவு' என்று அதற்கு ஒரு பெயர் வைத்து, தனி விலை போட்டு, ஏழு கண்டங்களிலும் விற்கிறார்கள். பிராகோ வீட்டுக்குக் கூரை போட்டாள்; எங்கள் ஆலைத் தகடுதான், வெயிலில் அது மின்னுவதைப் பார்த்துத்தான் இன்றைக்கும் விமானங்கள் குமாசியில் இறங்குகின்றன.

நான் ஒரு மடக்கு பியர் குடித்தேன். கதை முடிந்ததென்று காயை எடுக்கப் போனேன். ஆனால் வங்கிக்காரர் வங்கிக்காரராயிற்றே. ஒரு கையெழுத்து குறைந்தால் விடமாட்டார்.

"இருங்க," என்றார். "நானா வாங்கிட்டாரு, சரி. அது விழா. தேர்வு என்ன ஆச்சு? பொண்ணுங்க தேறுனதா சொன்னது யாரு?"

நான் அஜாரேயைப் பார்த்தேன். அஜாரே பலகையைப் பார்த்தான்.

"அதைக் கேளுங்க," என்றேன். விழா முடிந்து குடை கிளம்பிப் போன பிறகு தேர்வு நடந்தது. இயந்திரம் மன்னிப்புக் கேட்டது, பெண்கள் கைதானே என்றார்கள், சட்டியை வாங்கினார்கள், ஒன்றுகூட விழவில்லை. ஆனால் அஜாரே இறங்கவில்லை. மரியாதை வேறு, தரம் வேறு என்றான். பெண்கள் வேண்டுமென்றே சட்டியின் நசுங்கிய பக்கத்தை மறைத்துப் பிடிக்கிறார்கள் என்றான். பிராகோ அவனிடம் கெஞ்சவில்லை. கெஞ்சுகிறவள் இல்லை அவள். ஆனால் விக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அஜாரே முன்வரிசைப் பெண்ணை ஒதுக்கிவிட்டு, தானே இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றான். எங்கள் ஆலையில் ஒரு சட்டம் உண்டு. சோதகன் தன் கையால் வாங்கிய சட்டி தேறிய சட்டி.

இந்த இடத்தில் நான் எழுந்து நின்று நடித்தே காட்டினேன். இயந்திரம் தாழ்ந்தது. 'ஐயா, இடதுக்கு மன்னிக்கணும்' என்றது. அஜாரே தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தான். பொலபொலவென்று கண்ணீர் விட்டான். இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, இரும்புக் கையைப் பிடித்துக்கொண்டு, 'ஆன்ட்டி, ஆன்ட்டி, உங்களுக்குப் போய் மன்னிப்பா' என்று கதறினான். அவனைத் தூக்கி நிறுத்தப் பளுதூக்கி வரவழைத்தோம்.

"டேய்." அஜாரே காயைக் கீழே வைத்தான். "நான் முழங்கால் போடல."

"போட்ட."

"போடல. தொப்பியையும் கழட்டல. கண்ணுல தண்ணி வந்தது அலுமினியத் தூசியால. ஆன்ட்டின்னும் கூப்பிடல. அது குனிஞ்சு கேட்டுச்சு, ஒரே ஒரு தடவைதான் 'கைதானே'ன்னேன், சட்டிய வாங்கிக்கிட்டேன். புரட்டிக்கூடப் பாக்கல. பளுதூக்கி எல்லாம் இவன் சேத்துக்கிட்டது."

வங்கிக்காரர் தன் கையில் இருந்த பியரை மறந்துவிட்டார். தான் சொன்னது என்னவென்று அஜாரேக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. புரிந்தபின் பலகையில் இருந்த காய்களை ஒவ்வொன்றாக நேராக்கி வைத்தான். நேராகவே இருந்தவற்றையும்.

"அட, நடந்ததுதான்பா," என்றான்.